பெரிய மிஸ்ஸுக்கு ஒரு பேனா

நாலாவது கோப்பையையும் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசியக்கா அதை அலமாரியிலேயே திரும்ப வைத்தாள். அதிலும் ‘உலகத்திலேயே சிறந்த ஆசிரியர்’ என்றுதான் போட்டிருந்தது. இந்த ஒரு கடையில் மட்டும் உலகத்திலேயே சிறந்த ஆசிரியர்கள் ஐம்பது அறுபது பேர் தூசி படிந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு நிற்க ஆரம்பித்த கால்கள் இப்போது அவளுடையவையாகவே இல்லை. எங்கேயாவது ஒரு முக்காலி கிடைத்தால் உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தாள். கடையில் இருந்த ஒரே முக்காலியில் ஒரு பெரிய கரடிப் பொம்மை சட்டமாக உட்கார்ந்திருந்தது.

ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு எப்படியும் ஐம்பது கைகள். உடன் வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர்தான் ஊசியக்கா. ‘பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க’ என்று கேட்காமல் யார் கையையும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். பக்கத்து வீட்டுக்காரரே வந்து உட்கார்ந்தாலும் பேரைக் கேட்டாக வேண்டும். “ஏம்மா, என்னையே தெரியலையா?” என்று அவர் கோபித்துக்கொண்டது தனிக் கதை.

இந்தப் பரிசு வாங்கும் வேலை அவள் தலையில் விழுந்ததற்குக் காரணம் அவள் வாயே திறக்காததுதான். ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் அட்மின் அம்மா ஒரு நாள் காலையில், “இயர் எண்ட் கிஃப்ட் வாங்குற பொறுப்ப யார் எடுத்துக்கிறீங்க? பதில் சொல்லாதவங்க சம்மதம்னு எடுத்துக்குவேன்” என்று போட்டிருக்கிறாள். ஊசியக்கா கையுறையைக் கழற்றிப் போனை எடுத்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் மற்ற எல்லாரும் ஊருக்குப் போகிறேன், உடம்பு சரியில்லை, மாமியார் வருகிறார் என்று ஆளுக்கொன்றைச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள். “நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, பொறுப்பா செய்வீங்க” என்று ஒரு பூங்கொத்துப் படத்தோடு முடித்துவிட்டாள் அட்மின் அம்மா. ரத்தம் எடுப்பதற்கும் பூச்சாடி வாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

பட்டியல் மட்டும் பிரமாதமாக வந்திருந்தது. கிளாஸ் மிஸ்ஸுக்குச் செடி பிடிக்கும். ஆனால் போன வருடம் கொடுத்த செடி செத்துவிட்டதால் மிஸ் மனசு கஷ்டப்பட்டார், ஆகவே சாகாத செடியாக வேண்டும். பாட்டு மிஸ்ஸுக்கு வாசனை எதுவும் ஆகாது, தும்முவார். லைப்ரரி மிஸ்ஸுக்குப் புத்தகம் மட்டும் வேண்டாம், பாவம். விளையாட்டு சார் எதைக் கொடுத்தாலும் சந்தோஷப்படுவார், அதனால் கடைசியில் மிஞ்சுவது அவருக்கு. ஒவ்வொருவர் பெயரும் முழுதாக, எழுத்துப் பிசகாமல், அட்டையில் எழுதுவதற்குத் தோதாக இருந்தது. கடைசி வரியில் மட்டும் பெயர் இல்லை. ‘ஆயாம்மா — ஏதாவது ஒண்ணு’ என்று இருந்தது.

ஒன்றரை மணி நேரம் அலைந்து பிளாஸ்டிக் செடி, வாசனையில்லாத மெழுகுவர்த்தி, தோள்பை என்று ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டாள். தலைமையாசிரியைக்குக் குழுவின் சார்பில் ஒரு சுவர்க்கடிகாரம். அதையும் போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் தன் சார்பில் ஒன்று வாங்குவதற்காக உள்ளே கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போனாள். இந்தக் கடைக்கு அவள் மனதோடு வந்தது அதற்காக மட்டும்தான்.

அவள் மகள், ஆறு வயது வாண்டு, பள்ளிக்கூடத்தில் பாவாடையை நனைத்துக்கொள்வாள். வீட்டில் இல்லை, கடையில் இல்லை, பள்ளிக்கூடத்தில் மட்டும். போன பள்ளியில் ஒரு டீச்சர் டைரியில் சிவப்பு மையில் ‘வீட்டில் சுத்தம் சொல்லிக்கொடுக்கவும்’ என்று எழுதி அனுப்பினாள். ஈர உடையோடு வகுப்பு வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தினாள். பிள்ளைகள் ‘தண்ணி லாரி’ என்று பெயர் வைத்தார்கள். வாண்டு சாப்பிடுவதை விட்டாள், பிறகு பேசுவதையும் விட்டாள். டாக்டர், “பயம்தாம்மா, மெல்லச் சரியாகும்” என்றார். வீட்டை மாற்றி, பள்ளியை மாற்றி, கணவன் சம்பளம் கூடுதலான இரவு வேலைக்குப் போய், இப்போது புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்வதுதான் குடும்பம் என்றாகிவிட்டது. புதுப் பள்ளியில் முதல் வாரத்திலேயே வாண்டு மறுபடி நனைத்துக்கொண்டாள். ஊசியக்கா சிவப்பு மையை எதிர்பார்த்துத்தான் பையைத் திறந்தாள். ஆனால் பைக்குள் பார்த்தால் பாவாடை துவைத்து, காய்ந்து, மடித்து இருந்தது. டைரியில் ஒரு எழுத்து இல்லை.

“யாருடி மாத்திவிட்டது?”

“பெரிய மிஸ். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் கண்ணுன்னாங்க.”

வருடம் முழுக்க அப்படித்தான். மாதத்தில் நாலு தடவை, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. கடைசி இரண்டு மாதமாக அதுவும் இல்லை. தலைமையாசிரியை என்கிற பெரிய மனுஷி, ஆயிரம் வேலைக்கு நடுவே, தன் கையால் ஒரு குழந்தையின் ஈரப் பாவாடையைத் துவைத்துப் போட்டிருக்கிறாள் என்று ஊசியக்கா தினம் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வாள். பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை கிட்டே போய், “ரொம்ப தேங்க்ஸ் மேடம்” என்று மட்டும் சொன்னாள். அவரும் எல்லாரிடமும் தலையாட்டுவதுபோல் ஆட்டினார். பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிப் பெட்டியில் நீல வெல்வெட் டப்பாவுக்குள் ஒரு மைப்பேனா படுத்திருந்தது. கனமாக, கறுப்பாக, மூடியில் மெல்லிய வெள்ளிக் கோடு. கையில் வாங்கியதுமே இதுதான் என்று தெரிந்துவிட்டது. மை நிரப்பியே கொடுக்கச் சொன்னாள்.

பில் போடும் இடத்தில்தான் கடைசி வரி ஞாபகம் வந்தது. பக்கத்தில் துண்டுகள் அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்ததை உருவிக் கூடையில் போட்டாள், என்ன நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை. காகிதம் சுற்றுகிற பெண் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பட்டியலைப் பார்த்துப் பெயர் எழுதி ஒட்டினாள்.

“இதுக்கு என்ன பேரு எழுதணும்?”

“ஆயாம்மான்னே எழுதுங்க” என்றாள் ஊசியக்கா. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டினால் போதும் என்றிருந்தது.

மறுநாள் பள்ளியின் கடைசி நாள். அரை நாள் விடுப்பு கேட்டு, மேலதிகாரியின் முகத்தைத் தாங்கி, மதியம் வந்து சேர்ந்தாள். பொட்டலங்களை அட்மின் அம்மாவே பிடுங்கிக்கொண்டுபோய் எல்லாருக்கும் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊசியக்கா தலைமையாசிரியையின் அறைக்குப் போனாள். மேஜையில் சுவர்க்கடிகாரங்கள் மட்டும் மூன்று இருந்தன. அவருக்கும் களைப்புத்தான், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மேஜைக்கு அடியில் தரையில் வைத்திருந்தார்.

“இது குரூப்ல இருந்து இல்ல மேடம். நானா வாங்கினது.” டப்பாவை நீட்டினாள். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய்க் கொட்டிவிட்டது. “நீங்க இல்லேன்னா இவ படிச்சிருக்கவே மாட்டா. ஒவ்வொரு தடவ நனைச்சுக்கும்போதும் நீங்களே மாத்திவிட்டு, துவைச்சு, ஒருத்தருக்கும் தெரியாம... எங்கம்மாகூட எனக்கு அப்படிச் செஞ்சதில்ல மேடம்.”

தலைமையாசிரியை டப்பாவைத் திறந்து வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

“நானா?”

மேஜைமேல் மூன்று கடிகாரங்களும் மூன்று நேரம் காட்டின.

“என்ன நனைச்சுக்கிட்டா? எப்போ? எனக்கு ஒரு தகவலும் வரலையேம்மா.” குரல் கடுமையாக இல்லை, ஜாக்கிரதையாக இருந்தது. இழுப்பறையைத் திறந்து நீளமான பதிவேடு ஒன்றை எடுத்தார். “இங்க ஒரு ரூல் இருக்கு. குழந்தைக்குத் துணி மாத்தணும்னா ரெண்டு பேர் கூட இருக்கணும். வீட்டுக்குப் போன் போகணும், இதுல எழுதணும். தனியா கூட்டிட்டுப் போனது யாரா இருந்தாலும் அன்னிக்கே வேலை போயிடும். நான் போட்ட ரூல்தான். காரணமாத்தான் போட்டேன். சொல்லுங்க, யாரு மாத்திவிட்டது?”

சரியான சட்டம். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஊசியக்காவே அதற்குக் கைதட்டியிருப்பாள். நன்றி சொல்கிறேன் பேர்வழி என்று வந்து ஒருத்தியைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது, யாரை என்பது புரியவில்லை. மகளின் கையை அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம்.

வெளியே சாவிகள் குலுங்கும் சத்தம் கேட்டது. நீல மேலங்கி போட்ட ஒரு பெண் ஜன்னல்களைச் சாத்துவதற்காக உள்ளே வந்தாள். கதவு நிலையில் தலை இடிக்குமோ என்கிற உயரம். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து, கக்கத்தில் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம்.

“பெரிய மிஸ்!” என்றாள் வாண்டு.

“என்னடா கண்ணு?” என்றார் தலைமையாசிரியை.

வாண்டு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் நீல மேலங்கியைக் கட்டிக்கொண்டாள்.

“இவங்களையாடி பெரிய மிஸ்னு சொல்லுவ?” ஊசியக்காவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“ஆமாம்மா. ஸ்கூல் சாவியெல்லாம் இவங்ககிட்டதானே இருக்கு? இவங்க தொறந்துவிட்டாத்தான் ஹெட் மிஸ்ஸே உள்ள வர முடியும்.”

யாரும் சிரிக்கவில்லை. மேஜையில் விரித்து வைத்த பதிவேட்டைப் பள்ளிக்கூடத்து ஆயாம்மாவான அந்தப் பெண் பார்த்துவிட்டாள். ஒரு கை குழந்தையின் தலைமேல் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றி, எடுக்க மனம் வராமல், அப்படியே வைத்திருந்தாள்.

“நீங்களா?” என்றார் தலைமையாசிரியை.

“அழுதுச்சு மேடம்.” ஆயாம்மா பொட்டலத்தைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். “போன் பண்ணி அவங்க வர்றதுக்குள்ள பெல் அடிச்சிரும். எல்லாப் பிள்ளைங்களும் பாத்துரும். அதான்...”

தலைமையாசிரியை ஒரு பெருமூச்சு விட்டார். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்துக் கிறுக்கிப் பார்த்தார், எழுதவில்லை. கை தானாக நீல டப்பாவுக்குப் போய்ப் புதுப் பேனாவை எடுத்தது. மூடியைத் திருகித் தேதிக் கட்டத்தின் பக்கம் கொண்டுபோனார்.

அய்யோ, அந்தப் பேனாவாலேயா! ஊசியக்கா மேஜையை நோக்கி ஓரடி முன்னால் வந்தாள்.

“நான் சொல்லித்தான் அவங்க செஞ்சாங்க மேடம்.” வார்த்தை முந்திக்கொண்டு வந்துவிட்டது. “ஸ்கூல் தொறந்த முதல் வாரமே சொல்லிட்டேன். போன் பண்ண வேண்டாம், நீங்களே பாத்துக்கங்கன்னு. எழுதிக் குடுக்காதது என் தப்பு. வேணும்னா இப்ப கையெழுத்துப் போடுறேன்.”

அறையில் இருந்த மூன்று பெரியவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வேறு ஒருத்தருக்கு நன்றி சொன்ன வாய் அது. ஆயாம்மா முதல் தடவையாக ஊசியக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். தலைமையாசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் காலால் துழாவிச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு பதிவேட்டை ஊசியக்கா பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார்.

“அப்போ நீங்களே எழுதுங்க. எல்லாக் கட்டத்தையும்.”

உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. பேனா வெண்ணெய் மாதிரி ஓடியது. குழந்தையின் பெயரை எழுதினாள், வகுப்பை எழுதினாள். ‘பெற்றோர் அனுமதி’ என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த கட்டம் ‘உதவிய பணியாளரின் பெயர்’.

பேனா நின்றது.

கேட்டால் போச்சு. முதல் வாரமே சொல்லிவைத்ததாகச் சொல்லிவிட்டு இன்று பெயர் கேட்பதாவது! ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் முதல் வார்த்தையாகப் பெயர் கேட்கிறவள், தன் மகளின் மானத்தை ஒரு வருடம் துவைத்துக் காயப்போட்டவளின் பெயரைக் கேட்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். ஆயாம்மாவின் கக்கத்தில் அந்தத் துண்டு, காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது. ஒட்டிய அட்டையில் கடைக்காரப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்து. அதிலும் பெயர் இல்லை. வெட்கத்தில் ஊசியக்காவுக்குக் காது சுட்டது.

தலைமையாசிரியை காத்திருந்தார்.

ஊசியக்கா குனிந்து எழுதினாள். இரண்டே வார்த்தை. மை காயாமல் பளபளத்தது.

வாண்டு அருகில் வந்து மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டாள். இந்த வருடம்தான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். ஈர மையின்மேல் பட்டும் படாமல் ஒற்றை விரலை நகர்த்தி, ஊரே கேட்கிற குரலில் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“பெ... ரி... ய... மிஸ்.”

ஜன்னல் பக்கம் சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கி, பிறகு ஒரு கை அதை இறுகப் பிடித்துக்கொண்டதுபோல் ஓசையற்றுப் போயிற்று.