பட்டியலில் இல்லாத வீடு

“மாதா இந்த வருசம் எங்க வீட்டுக்கும் வரணும்ங்க. தண்ணித் தொட்டிகிட்ட இல்ல, வீட்டுக்குள்ள.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊர்க்காரர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஆரோக்கியசெல்வி கேட்டே விட்டாள். வேறெதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் வாய் திறந்து கேட்டுவிடாதே என்று, அவள் கோயிலில் முதல்முறை நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கிய சின்ன வயதிலேயே அம்மா அம்சவள்ளி சொல்லிவைத்திருந்தாள்.

அக்டோபர் முழுக்க ஜெபமாலை மாதாவின் சுரூபம், அந்தச் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டார் மெழுகுவத்தியோடு வந்து, பாட்டுப் பாடி அழைத்துப் போவார்கள். முப்பது நாளும் ஊர்த்தெருவுக்கு. கடைசி நாள் மட்டும் ‘காலனி – பொது’. செல்வியின் வீடு உட்பட அறுபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் மேசை போட்டு.

பட்டியல் எழுதும் சவுரிராயன் கோபப்படவில்லை, சிரித்தார். “படிச்ச பொண்ணு, கேக்கற. தப்பில்ல. உங்கப்பன்கிட்ட பேசிக்கிறேன்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் வீட்டைப் பிடித்து ஆட்டியது. அப்பா மாசிலாமணி இருபத்திரண்டு வருடமாகக் கோயில்பிள்ளை. மணியடிப்பதும் பீடம் துடைப்பதும் அவர். கோயில் சாவி அவர் இடுப்பில்.

நான்கு நாள் சவுரிராயனிடமிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. திண்டிவனத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் போன் அடித்தால், அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்களோ என்று செல்வி உடனே எடுத்துக் காதில் வைத்தாள். விடிகாலையில் கோயில் மணிக்குக் காது கொடுத்துப் படுத்திருந்தாள். மணி கேட்ட பிறகே எழுந்தாள்.

“மாதா எங்க இருந்தாலும் மாதாதான்டி” என்றாள் அம்மா.

“அப்ப அவங்க தொட்டிகிட்ட வச்சிக்கட்டும். முப்பது நாளும் நம்ம வீட்ல இருக்கட்டும்.”

“உங்கப்பன் சாவியக் குடுத்துட்டு நின்னா நீ சோறு போடுவியா?”

“போடுவேன்.”

“சோறு போடுவ. கோயிலுக்கு எங்க போவ?”



வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா எதையோ துண்டில் சுற்றி எடுத்துவந்தார். பூசை உடுப்பு அறை அலமாரியில் கிடந்த பழைய மாதா. நீலம் வெளுத்து, வலது கையில் மூன்று விரல் இல்லை. “சவுரிராயன் ஐயா குடுத்தனுப்பினாரு. நீங்களே வச்சிக்கோங்க, திருப்பித் தரவாணாம்னுட்டாரு.”

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணப் புடவையை மேசையில் விரித்தாள். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஆறரைக்குள் வீட்டில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டு மலர்விழி சாமந்திச் சரத்தை அந்த விரலில்லாத கையில் சுற்றிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். “எங்க மாமியாரு இதப் பாக்காமயே போய்ட்டாங்க.”

 செல்வியின் மனசும் இதுவே போதும் என்று சொன்னது. அது அவளைச் சவுரிராயனின் சிரிப்பை விட அதிகமாகப் பயமுறுத்தியது. இன்றைக்கு முட்டி போட்டுவிட்டால் அடுத்த வருடம் எதைக் கேட்பது? உங்களுக்குத்தான் தனியாக ஒன்று கொடுத்தாயிற்றே என்பார்கள்.

“வீடு வீடா போற பெரிய மாதா இன்னிக்கு யாரு வீட்லப்பா?”

“எதுக்கு?”

“சொல்லு.”

“ஐயா வீட்லதான். ஏழு மணிக்கு அடுத்த வீட்டுக்காரங்க வந்து கூட்டிக்கினு போவாங்க.”

மணி ஆறே முக்கால். செல்வி துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு மெழுகுவத்தி ஒன்றை எடுத்தாள்.

“பேஜாரு பண்ணாத கண்ணு” என்று அப்பா முன்னால் வந்து நின்றார். “குடுத்தத வச்சிக்கினு இருப்போம்.”

“வாணாம்னு ஒதுக்கினதக் குடுத்தனுப்பிருக்காங்கப்பா. நீயும் துண்டுல சுத்திக்கினு வந்துட்ட.”

அப்பாவின் கை இடுப்புச் சாவியைத் தொட்டது.  நாளைக் காலை அந்த மணியை வேறு யாராவது அடிக்கலாம். அப்படி நடந்தால் அது அவளால்தான்.

“தனியாவாடி போற?” என்றாள் மலர்விழி.

“வர்றவங்க வரட்டும்க்கா. பெரிய மாதாவ நம்ம வீட்டுக்குக் கூப்பிட நான் போறேன்.”

அம்மா பாதி ஜெபத்தில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.  செல்வி மெழுகுவத்தியைப் பற்றவைத்து, சுடர் அணையாமல் உள்ளங்கையால் மறைத்தபடி படியிறங்கி ஊர்த்தெருவைப் பார்த்து நடந்தாள்.