ஈரச் சரக்கு

சூலக்கரைக்குத் தெற்கே, சங்கரலிங்கம் அண்ணாச்சியின் வார்ப்புப் பட்டறையில் போன ஐப்பசியிலிருந்து பங்குனி வரை எந்த அச்சில் ஊற்றினாலும் வலது கால்தான் வந்தது. வடைச்சட்டிக்கு ஊற்றினாலும் கால், இட்லித் தட்டுக்கு ஊற்றினாலும் கால். பெருவிரல் மேல் இரண்டாம் விரல் ஏறியிருக்கும். அது உலைக்காரன் கோட்டைச்சாமியின் கால் என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். நிஜக் காலை மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். பழைய குக்கரும் ஜன்னல் சட்டமுமாக வாசலில் கிடந்த அலுமினியச் சரக்கு மழையில் நனைந்திருந்தது. உலை ஓரத்தில் காயவைத்துத்தான் போட வேண்டும் என்று கோட்டைச்சாமி நின்றான். "உள்ள போனா தன்னால காயும், போடுலே" என்றார் அண்ணாச்சி. போட்டான். உருகிக் கிடந்த அலுமினியத்துக்குள் போன தண்ணீர் நொடியில் ஆவியாகிச் சட்டியோடு வெடித்தது. காலில் ரப்பர் செருப்பு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது "சரக்கு, சரக்கு" என்று முனகினான். ஈரம் என்று சேர்த்துச் சொல்ல மூச்சு இல்லை. "கேட்டீகளா, சரக்கு போட்டுட்டு வந்திருக்கான்" என்று அண்ணாச்சி கூசாமல் சத்தமாகச் சொன்னார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாதவனை ஊர் குடிகாரன் ஆக்கியது. இந்தப் பக்கம் எது வெடித்தாலும் தப்பு கருகினவன் மேல்தான், மானங்கெட்ட வழக்கம்.

அவன் மனைவி ராமுத்தாய் தினமும் பட்டறை வாசலுக்கு வந்தாள். "சரக்கு ஈரம்னு ஊரறிய ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம்." அவர் சொல்லவில்லை. கால்களை லோடு ஏற்றி, நேர்த்திக்கடன் உருவாக அம்மன் கோயில் வாசல் கடைகளுக்கு விற்றார். வடைச்சட்டியைவிட நல்ல லாபம். வெட்கம் இருந்தால்தானே.

பங்குனித் திருவிழாவில் ராமுத்தாய் ஒரு கடையில் அந்தக் காலைக் கையில் எடுத்து, "இது என் வீட்டுக்காரர் காலுய்யா!" என்று கத்தினாள். எல்லாக் கால்களும் கடைகளை விட்டு இறங்கிச் சாலையில் நடந்தன; திருத்தங்கல் பஸ் நின்று வழிவிட்டது. அண்ணாச்சி வீட்டைச் சுற்றி நின்று கதவை உதைத்தன. பால்காரரால்கூட உள்ளே போக முடியவில்லை. கடைசியில் அவர் மாடி ஜன்னலைத் திறந்து, "சரக்கு ஈரம்தான், நான்தான் போடச் சொன்னேன்" என்றார்.

"கேக்கலை அண்ணாச்சி, அன்னைக்குச் சொன்ன மாதிரி சத்தமாச் சொல்லுங்க" என்றாள் ராமுத்தாய். தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அதற்கப்புறம் வடைச்சட்டி வடைச்சட்டியாகவே வந்தது. ஒரு கால் மட்டும் உலையருகே நின்றுவிட்டது. ஈரச் சரக்கைக் கொண்டுபோனால் எட்டி உதைக்கும். காய்ந்திருந்தால் நகர்ந்து வழிவிடும். அதன் மேல் தீப்பொறி படுகிறதென்று அண்ணாச்சி நல்ல தோல் பூட்ஸ் வாங்கி மாட்டியிருக்கிறார். ஜோடியில் மற்றது அலமாரியில் சும்மா கிடக்கிறது. ஆட்களுக்கு இன்னும் ரப்பர் செருப்புதான்.