மறுகரை யார் பக்கம்

என் கணவரும் அவருடைய தங்கையும் சேர்ந்து நடத்திவந்த வீடியோ கேம் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனம் வாங்குவதாக முடிவானபோது, ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரிதான் இடக்காக நின்றது. 'இரும்புக்கோட்டை' தொடரின் விளையாட்டுகள் அனைத்தும் வாங்குபவருக்கு. 'மூட்டைக்காரன்' என்னும் கிளைத்தொடரைச் சேர்ந்தவை மட்டும் தங்கைக்கு. எவையெவை கிளைத்தொடரைச் சேர்ந்தவை என்று அந்த வரி சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்க வாங்குபவரின் வக்கீலம்மா ஒரு நாள் காலையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே யாருக்காவது பல்லைக் குடையத் தொடங்கினால் எங்கள் மேசையும் லேசாக நடுங்கும். கம்பெனியின் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பார்ப்பவள் நான் என்பதால் என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஒரு பக்கம் என் கணவர். எதிரில் அவர் தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சிட்டு. நடுவில் வக்கீலம்மா. நான் மேசையின் முனையில், இரண்டு பக்கத்துக்கும் உறவாக.

இந்த மூட்டைக்காரன் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரும்புக்கோட்டை என் கணவர் உருவாக்கியது. அதன் நாயகன் ஒரு தளபதி. முறுக்கு மீசை, மூன்று வாள், இரண்டு கேடயம், ஒரு கூடாரம். சிட்டு அதைப் பார்த்துவிட்டு, இத்தனை சாமானையும் இந்த ஆள் எந்தப் பையில் வைத்திருக்கிறான் என்று எவனாவது கேட்டால் என்ன சொல்வாய் என்று அண்ணனை மடக்கினாள். அவளே ஒரு கூன் விழுந்த ஆளை வரைந்து, தலையில் ஒரு மூட்டையை ஏற்றி, தளபதிக்குப் பின்னால் நடக்கவிட்டாள். அவன் வழியெல்லாம் முணுமுணுப்பான். போர் முடிந்து தளபதி வெற்றிக் கொடி நாட்டும்போது, இந்தக் கொடிக்கம்பத்தையும் நான்தான் தூக்கிவந்தேன் என்பான். ஆடுகிறவர்களுக்குத் தளபதியைவிட அவனைப் பிடித்துப்போனது. அப்படித்தான் அவனுக்கென்று தனி விளையாட்டுகள் வந்தன. எல்லாவற்றையும் சிட்டுதான் செய்தாள்.

அவற்றில் ஒன்றுக்குத்தான் இப்போது சண்டை. பெயர் 'இரும்புக்கோட்டை: மறுகரை'. அதில் தளபதி இல்லை, கோட்டை இல்லை. மூட்டைக்காரனும் கண்ணில் படமாட்டான். படையோடு போன அவன் திரும்பி வராத ஊரில், அவன் மனைவி வீடு வீடாகப் போய், திரும்பி வந்த ஆட்களிடம் விசாரித்துக்கொண்டே இருப்பாள். ஆடுகிறவர் அந்த மனைவியாகத்தான் ஆட வேண்டும். அந்த விளையாட்டில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து அப்பாவைத் தேடிப் புறப்படும் கதையைத்தான் சிட்டு இப்போது செய்துகொண்டிருந்தாள். முடியும் தறுவாயில் இருந்தது. மறுகரை வாங்குபவர் பக்கம் போய்விட்டால் அந்த வீடும் தெருவும் தாயும் மகளும் அவர்களுக்குச் சொந்தம். சிட்டு கையில் இருக்கும் வேலையில் மிச்சம் என்று எதுவும் இருக்காது.

வக்கீலம்மா பொல்லாதவர் இல்லை. சின்ன வயது, நிதானமான பேச்சு. எந்த விளையாட்டு யாருக்கு என்று ஒவ்வொன்றாகப் பேரம் பேச தனக்கு அதிகாரம் இல்லை, யார் எப்போது பார்த்தாலும் ஒரே விடை வருகிற மாதிரி ஒரு விதி எழுதிக் கொண்டுபோகத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் விதிக்கு ஒரு விலக்கு சேர்க்கலாம், அதற்கு இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்றும் சொன்னார்.

விளையாட்டுகளின் பெட்டிகளை மேசைமேல் பரப்பினோம். பெட்டியில்லாமல் தரவிறக்கத்துக்கு மட்டும் வந்தவற்றின் பெயர்களை மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிவைத்தோம். தலைப்பில் 'மூட்டை' என்ற சொல் இருந்தால் கிளைத்தொடர் என்று முதல் விதியை வக்கீலம்மா போட்டுப் பார்த்தார். பெட்டிகள் நகர்ந்தன. 'மூட்டை வண்டிப் பந்தயம்' சிட்டு பக்கம் போனது. அதில் தளபதி உட்பட அத்தனை பேரும் வண்டி ஓட்டுவார்கள்.

"தளபதி உன் வீட்டுக்கு வாடகைக்கு வந்துட்டாரு போல," என்றார் என் கணவர்.

"மீசைக்குத் தனியா வாடகை கேப்பேன்," என்றாள் சிட்டு.

இருவரும் சிரித்தார்கள். சொத்துப் பிரிக்கும் வீட்டில் அண்டாவையும் குண்டாவையும் பங்கு போடும்போது வரும் சிரிப்பு அது. பெரிய பாத்திரத்தை இன்னும் வெளியே எடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். குழந்தைகளுக்கான 'மூட்டையோடு எண்ணலாம்' அவள் பக்கம் வந்தபோது, அதில் ஏழுக்குப் பிறகு ஒன்பது வருகிறது, இன்னும் திருத்தவில்லை, அதை அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். பிறகு குரல் மாறி, இதெல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், மறுகரையை மட்டும் இந்தப் பக்கம் வைத்துவிடுங்கள் என்றாள். வக்கீலம்மா தலையசைத்தார், முடியாது என்கிற மாதிரி. அதற்குத்தான் விதி என்றார்.

விதியை மாற்றிப் பார்த்தார். ஆடுகிறவர் மூட்டைக்காரனாக ஆடினால் கிளைத்தொடர். அப்போதும் மறுகரை நகரவில்லை. அதில் ஆடுவது மனைவியாக. தளபதி வராவிட்டால் கிளைத்தொடர் என்று வைத்தால், தளபதியின் தாத்தா காலத்துக் கதையும் சிட்டுவுக்குப் போய்விடும். அதில் தளபதி இன்னும் பிறக்கவில்லை. யார் செய்தார்களோ அவருக்கு என்றால், என் கணவரின் பல விளையாட்டுகளிலும் பாதிப் படம் சிட்டு வரைந்தது. ஒரு விதி ஒன்றை உள்ளே இழுத்தால் இன்னொன்றை வெளியே தள்ளியது. கீழே யாரோ ஒருவரின் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். மேசைமேல் பெட்டிகள் அந்த அதிர்வில் மெல்லக் கிணுகிணுத்தன.

சிட்டு எழுந்து சுவரிலிருந்த பெரிய திரையில் மறுகரையை ஓடவிட்டாள். அந்த வீட்டின் உள்ளறை வந்தது. அடுப்பு, ஒற்றைக் கட்டில், சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு சும்மாடு தொங்கியது. சுமைக்கு அடியில் தலையில் வைக்கும் துணிவளையம்.

"இது யாரோட சும்மாடு? ஊர்ல வேற எவன் வீட்டுலயும் இது கிடையாது. அவன் இல்லாததுதான் இந்த கேமே. அவன் வீட்டுக் கதை அவன் தொடர்ல இல்லாம வேற எங்க போகும், சொல்லுங்க."

வக்கீலம்மா திரையையே பார்த்தார். இங்கே வருவதற்கு முன்பு அதை ஆடி முடித்ததாகவும், அந்தச் சும்மாட்டை மனைவி இறக்கி முகத்தில் வைத்துக்கொள்ளும் இடத்தில் தன்னால் தொடர முடியாமல் கொஞ்ச நேரம் எழுந்துபோய்விட்டதாகவும் சொன்னார். சிட்டுவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் வந்திருக்கும். ஆனால் ஆணியில் தொங்குவதை விதியாக எழுத முடியாது என்று வக்கீலம்மா அடுத்த வாக்கியத்தில் சொன்னார். தலைப்பில் இரும்புக்கோட்டை என்று இருக்கிறது. அது தவறுதலாக விழுந்த பெயர் என்று தெரிந்தால் மட்டும் வேறு மாதிரி யோசிக்கலாம்; இல்லாவிட்டால் வழியில்லை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று என் கணவரைக் கேட்டார்.

அவர் ஞாபகமில்லை என்றார். தங்கையைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு ஞாபகம் இருந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சு அது. சிட்டு வெறுமனே 'மறுகரை' என்றுதான் பெயர் வைத்திருந்தாள். அந்தச் சமயம் என் கணவருடைய விளையாட்டுகள் விலைபோகாமல் கிடந்தன. முன்னால் இரும்புக்கோட்டை என்று சேர்த்தால் தன்னுடையதும் கூடச் சேர்ந்து நகரும் என்று இவர்தான் கேட்டார். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, உனக்கு உதவும் என்றால் போட்டுக்கொள், பெயரில் என்ன இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். அதை நான் அந்த அறையில் சொன்னேன். அவள் கதையில் அந்தப் பெயருக்கு வேலையே இல்லை, அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தது என்று விளங்கினால் நியாயம் அவள் பக்கம் சாயும் என்றுதான் சொன்னேன்.

வக்கீலம்மா தட்டெழுதிக்கொண்டார். உண்மையா என்று இவரைக் கேட்டார். உண்மைதான் என்றார் இவர். சிட்டுவைக் கேட்டார். ஆமாம் என்றாள்.

"அப்போ ரெண்டு பேரும் தெரிஞ்சேதான் இதை இரும்புக்கோட்டைத் தொடர்ல சேர்த்திருக்கீங்க," என்றார் வக்கீலம்மா. "தவறுதலா இருக்குமோன்னுதான் இவ்வளவு நேரம் இதை மட்டும் திறந்து வெச்சிருந்தேன்."

மறுகரை பெட்டியை அவரே எடுத்து வாங்குபவருக்கான பக்கம் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது இன்னும் நடுவில் இருந்திருக்கும். சிட்டு என்னைப் பார்த்து, விடுங்க அண்ணி, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

வக்கீலம்மா தொலைபேசியில் பேச வெளியே போனார். அறையில் நாங்கள் மூவர். இன்னும் ஒரு வழி இருந்தது, இரண்டு கையெழுத்து. சிட்டு பேச்சை வளர்க்கவில்லை.

"அண்ணா, ஒரே ஒரு வரி எழுதிக் குடு. மறுகரை மட்டும் விலக்குன்னு. மத்ததெல்லாம் போகட்டும்."

இவர் ஒட்டுத்தாள் ஒன்றை விரலில் ஒட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். பிறகு சொன்னார்:

"அது இல்லன்னா அவங்க வாங்கமாட்டாங்க, சிட்டு. கோட்டையெல்லாம் அவங்களுக்கு எதுக்கு. அவங்க வந்ததே அதுக்குத்தான். தளபதிய உள்ள விட்டு, அவர் வந்து அவளக் காப்பாத்துற மாதிரி புதுசா போடப் போறாங்களாம்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல்லருந்தே."

"அப்போ காலைலேர்ந்து எதுக்கு விதி எழுதிட்டிருந்தோம்?"

வெளி அறையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த விற்பனை நடந்தால்தான் வேலை நீடிக்கும், எல்லாரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் இவர். பொய்யில்லை. அந்தச் சம்பளப் பட்டியலைப் போடுகிறவளே நான்தான். சிட்டுவுக்கும் தெரியும். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவர்கள் ஒவ்வொருவரும் நிமிராமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பேசுவது தங்களைப் பற்றி என்று தெரிந்தவர்களைப் போல.

"காப்பாத்துறதா," என்றாள் சிட்டு. "அவனக் கூட்டிட்டுப் போனதே அந்தாளுதானே."

வக்கீலம்மா திரும்பி வந்தார். கடைசியில் விதி முதலில் இருந்தபடியே நின்றது: தலைப்பில் 'மூட்டை' என்ற சொல் உள்ளவை மட்டும் கிளைத்தொடர். மற்றவற்றில் முதலில் தோன்றும் இடங்களும் மாந்தர்களும் அந்தந்த விளையாட்டோடு சேர்ந்தே போகும். சிட்டு படித்தாள். பேனா எழுதவில்லை, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். வக்கீலம்மா அவளுக்குக் கைகொடுத்து, மன்னிக்கணும் என்றார். மனமாரச் சொன்னார். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மதியம் நான் அவள் அறைக்குப் போனபோது புதிய விளையாட்டைத் திறந்துவைத்திருந்தாள். மறுகரையிலிருந்து வந்ததையெல்லாம் எடுத்துவிட்டுத்தான், சரிபார்க்க ஒரு பிரதியை வக்கீலம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். சாப்பிட வா என்றேன். இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் ஒழுங்காக ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் ஆற்றை. பிறகு தெருவை, விளக்குக் கம்பங்களோடு. பிறகு அண்டை வீட்டுக்காரர்களை. தாயை எடுக்கும் முன் நிச்சயமாகவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். வீட்டையும் எடுத்தாள். எல்லாம் போன இடத்தில் கணினி தானாகப் போட்டுவைத்திருக்கும் சாம்பல்நிறத் தரை மட்டும் நின்றது. அதன்மேல் மகள் மட்டும் மிச்சம்; பத்து வயதுப் பெண், கையில் ஒரு சின்னப் பை.

"அவள எடுக்கலயா?" என்றேன்.

"ஒரு தடவ ஓட்டிப் பாத்துடறேன், அண்ணி."

ஓடவிட்டாள். அந்தப் பெண் வெறும் தரையில் நடந்தாள். இல்லாத ஆட்களிடம் நின்று, அப்பாவைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பதிலுக்கான நேரம்வரை காத்திருந்து, தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். விளையாட்டுக்குள் சாயங்காலமானது. சாயங்காலமானால் அவள் வீடு திரும்ப வேண்டும் என்று சிட்டு எழுதிவைத்திருந்தாள். வீடு இருந்த திசையில் அவள் வேகமாக நடந்தாள். வீட்டின் இடத்தைத் தாண்டினாள். தரை முடிகிற விளிம்புக்கு வந்து, நிற்கத் தெரியாமல், அப்படியே கீழே விழுந்தாள். கீழே எதுவும் இல்லாததால் விழுந்துகொண்டே இருந்தாள், புள்ளியாகும்வரை. விழுந்தவரைத் திருப்பி வைப்பது கணினியின் வழக்கம். அவள் மறுபடியும் தரையின் நடுவில் பையோடு நின்றாள்.

சிட்டு விசைப்பலகைமேல் கைவைத்திருந்தாள். அழுத்தவில்லை.

விளையாட்டுக்குள் காலையாயிற்று. அப்பாவைப் பார்த்தீர்களா என்று அந்தப் பெண் கேட்கத் தொடங்கினாள். நான் எழுந்து போகவில்லை. அவள் சுற்றிவந்து முடிப்பதற்குள் சாயங்காலம் வந்துவிட்டது, வீட்டுக்குப் போகத் திரும்பினாள்.