மூன்று நட்சத்திர வடகம்

1

இந்தக் கதை எனக்குப் புதுச்சேரி உப்பளத்தில் ஒரு கூரியர் அலுவலக வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் போனில் யாரிடமோ, "நல்லாருக்குன்னு எழுதிட்டு மூணு ஸ்டாரு போடுறாங்கடி, இவங்கள இன்னா பண்றது" என்றாள். அவ்வளவுதான். அவள் பெயர் தெரியாது, கையிலிருந்த பெட்டியில் என்ன என்றும் தெரியாது. லேசாகப் பூண்டு வாசனை வந்ததால் வடகம் என்று முடிவு செய்துகொண்டேன். ஊறுகாயாகவும் இருந்திருக்கலாம். ஊறுகாயைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆக, அந்த ஒரு வாக்கியம் தவிர மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கார்குழலி காலையில் கண் விழித்ததும் போனை எடுத்தாள். அதில் மூன்று நட்சத்திரங்கள்" (நிறுத்திவிட்டேன். கண் விழித்ததும் போனை எடுக்காதவர் இன்று யார்? அதில் கதை எங்கே இருக்கிறது?)

பிறகு இப்படி: "சின்ன வெங்காயத்தை உரித்து, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி" (இது சமையல் குறிப்பாகப் போய்க்கொண்டிருந்தது. உருண்டையின் அளவு வரைக்கும் வந்துவிட்டேன்.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலியார்பேட்டையில் இருக்கும் கார்குழலி, நேரு வீதி ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, தாளிப்பு வடகம் செய்து இணையச் சந்தையில் விற்கிறாள். அவள் உருண்டை ஒன்றை உடைத்து மீன் குழம்பில் தாளித்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன குழம்பு என்று கேட்பார். அந்தச் சந்தையை நடத்தும் நிறுவனத்துக்கு இது தெரியாது. அதற்குத் தெரிந்தது சராசரி மட்டும்தான். ஒரு கடையின் சராசரி நாலு நட்சத்திரத்துக்குக் கீழே போனால், அந்தக் கடை தேடுபவர் கண்ணில் படாமல் போய்விடும். கடையை மூடிவிட்டோம் என்று நிறுவனம் சொல்வதில்லை. யாரும் உள்ளே வருவதில்லை, அவ்வளவுதான்.

கார்குழலியின் கடை இப்போது நாலின் விளிம்பில் நிற்கிறது. இன்னொரு மூன்று விழுந்தால் தீர்ந்தது.

3

எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. நெடுமாறனுக்கும் தேவைப்பட்டது. (நெடுமாறன் கார்குழலியின் கணவன், மின்துறையில் லைன்மேன். இவனை அறிமுகப்படுத்த வேறு நல்ல இடம் கிடைக்காததால் அடைப்புக்குறிக்குள் நிற்கவைத்திருக்கிறேன்.)

மூன்று நட்சத்திரங்களைப் போடுவது ஒரே ஆள். ஏலிஸ் என்று பெயர். மாதம் தவறாமல் வடகம் வாங்குவார், மாதம் தவறாமல் எழுதுவார்: "வாசனை சரி. பக்குவம் சரி. மிக நன்று." கீழே மூன்று நட்சத்திரம். வாங்குகிற மற்றவர்களில் பெரும்பாலோர் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போகிறவர்கள். திருப்தியானவன் வாயைத் திறப்பதில்லை. அதனால் ஏலிஸ் ஒருவரின் மூன்றுகளே மொத்தக் கடையையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தன.

வேறு எவனோ வடகம் விற்பவன்தான் பொம்பளை பேரில் புகுந்து வேலையைக் காட்டுகிறான் என்றான் நெடுமாறன். எனக்கும் அது பிடித்திருந்தது. அந்த எவனோவுக்கு ஒரு மீசையும் ஒரு குடோனும் கொடுத்து இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எந்த டிவி தொடரிலும் வரக்கூடிய ஆளாக இருந்தான். கிழித்துப் போட்டேன். நெடுமாறன் என்னைப் போலச் சும்மா இருக்கவில்லை. தன் இரண்டு அக்காக்களையும் ஒரு மச்சானையும் பிடித்து, வாங்கியதாகக் கணக்குக் காட்டி, ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போடவைத்தான். எல்லோரும் அவன் வீட்டு வைஃபையிலேயே உட்கார்ந்து போட்டார்கள். மறுநாளே நிறுவனம் அத்தனையையும் துடைத்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தாலோ, நட்சத்திரம் பற்றி வாடிக்கையாளரிடம் பேசியதாகத் தெரிந்தாலோ கடையை நிரந்தரமாக எடுத்துவிடுவோம் என்று எச்சரிக்கையும் வந்தது.

கார்குழலி நிறுவனத்துக்கு எழுதினாள். எல்லாம் சரி என்கிறவர் ஏன் இரண்டு நட்சத்திரம் குறைக்கிறார் என்று கேட்டாள். வாடிக்கையாளரின் கருத்து அவருடைய சொந்தக் கருத்து என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள், அதே பதில். அந்தப் பக்கம் இருப்பது மனிதரா இயந்திரமா என்று பார்க்க, உங்களுக்கு வடகம் பிடிக்குமா என்று கேட்டாள். வாடிக்கையாளரின் கருத்து அவருடைய சொந்தக் கருத்து.

4

அடுத்து அவள் ஏலிஸின் வீட்டுக்குப் போகவேண்டும். விலாசம் அவளிடமே இருக்கிறது. பார்சலில் ஒட்டுகிறவள் அவள்தானே.

இங்கே எனக்குத் தயக்கம் வந்தது. கடையையே இழக்க நேரிடும் என்று தெரிந்தும் போகிறவளா இவள்? ஜவுளிக்கடையில் முதலாளி சத்தம் போட்டால் சிரித்துக்கொண்டே பில் போட்டவள். இரண்டு நாள் அவளை வாசலிலேயே நிற்கவைத்திருந்தேன். கடைசியில் நான் கண்டுபிடித்தது ஒன்றுதான். யாராவது திட்டி எழுதியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பாராட்டிவிட்டு அடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. போனாள்.

5

கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு. கதவைத் திறந்தது எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கண்ணாடி தலைமேல் இருந்தது. கார்குழலி வழி நெடுக இரண்டு பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். இரண்டும் தேவைப்படவில்லை. வடகம் அனுப்புற கடை, மதாம், என்றதுமே ஏலிஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"நீதான் வடகமா? உள்ள வாம்மா. நன்றி சொல்லக் கும்பினிக்காரன் எவனாவது வருவான்னு நெனச்சேன், ஆளையே அனுப்பிட்டாங்களே."

உட்காரவைத்து, கேட்காமலே பேசத் தொடங்கினார். லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மகன் பிரான்சில், லியோனில். அந்த ஊர்க் கடைகளில் நம் வடகத்தை 'வடுவான்' என்று பெயர் மாற்றி, கண்ணாடிக் குப்பியில் மஞ்சள் பொடியாக விற்கிறார்களாம். மகன் அதை வாங்கி அனுப்பினானாம். அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டாராம். சாக்லேட்டுக்கு இரண்டு. மிக்ஸிக்கு ஒன்று.

"உனக்கு மட்டுந்தான் மூணு. வேற யாருக்கும் மூணு போட்டதில்ல நானு. அஞ்சுக்கு மூணுன்னா இன்னா? இருபதுக்குப் பன்னெண்டு. என் கிளாஸ்ல பன்னெண்டு வாங்குன புள்ளைக்கு, அப்பா அம்மா வந்து எனக்குக் கை குடுத்துட்டுப் போவாங்க. என் மகன் ஒம்போதத் தாண்டினதே இல்ல."

*அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இருபதுக்கு மதிப்பெண் போடுவது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்து வழக்கம். பத்து வாங்கினால் பாஸ். பதினான்குக்கு வீட்டில் விருந்து. இருபதை யாரும் பார்த்ததில்லை. நூற்றுக்கு நூறு வாங்காவிட்டால் வீட்டுக்குப் போகப் பயந்த நம்மைப் போன்றவர்கள் நட்சத்திரம் போடும் இடத்தில், ஏலிஸ் அந்தப் பழக்கத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்.*

கார்குழலி வாயைத் திறந்தாள். மதாம், நீங்க போடுற மூணுல என் கடை மூடப்போவுது என்று சொல்ல ஒரே ஒரு மூச்சுதான் வேண்டும். நான் அந்த வசனத்தை எழுதியும் வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. வாசல் வரை ஆத்திரத்தோடு வந்தவள், மகனுக்கே ஒன்பது போட்ட ஒருத்தியிடம் மாதாமாதம் பன்னிரண்டு வாங்கியவளாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஏலிஸ் மேசைமேல் இருந்த டேப்லெட்டை எடுத்தார்.

"இந்த மாசத்துக்கு மட்டும் இன்னும் போடல. இன்னாவோ ஒண்ணு கொறையுது. வாசன இருக்கு, ஆனா பழைய மாதிரி இல்ல. இன்னான்னு பிடிபடல எனக்கு. தெரியாம மார்க் போடுற பழக்கம் இல்ல."

(இதை நான் முன்பே எங்காவது சொல்லியிருக்க வேண்டும். காயவைத்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆர்டர்கள் காத்திருந்தன. மீதி ஈரத்தைக் கார்குழலி ஃபேன் காற்றிலும் இரும்புச் சட்டியின் சூட்டிலும் போக்கினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, நெடுமாறனிடம்கூட. என்னிடம் மட்டும் எதற்குச் சொல்லப்போகிறாள்? ஏலிஸ் சொன்னபோது அவள் முகம் மாறியதை வைத்துத்தான் நானே தெரிந்துகொண்டேன்.)

ஏலிஸ் டேப்லெட்டை அவள் மடியில் வைத்தார். திரையில் ஐந்து காலி நட்சத்திரங்கள்.

"செஞ்ச கை உன்னுது. உனக்குத்தான் தெரியும். நீயே போடு, நான் காப்பி போட்டுக்குனு வந்துடுறேன்."

6

ஐந்தை அழுத்தினால் கடை பிழைக்கும். எழுதிப் பார்த்தேன். ஏலிஸ் காப்பியோடு வந்து, கண்ணாடியை இறக்கிப் பார்த்து, தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இரண்டை அழுத்தினால் அது நேர்மை. உங்களுக்குப் பிடித்திருக்கும். அவளை மெச்சிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். ஜவுளிக்கடை பில் கவுண்டருக்குத் திரும்பப் போகிறவள் நீங்களும் இல்லை, நானும் இல்லை. அடுத்தவள் பிழைப்பை வைத்து நேர்மையாக இருப்பது ரொம்பச் சுலபம்.

எல்லாவற்றையும் ஏலிஸிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். சொன்னால் அந்த அம்மாள் மனம் இளகி ஐந்து போட்டுவிடுவார். எனக்கு அதுதான் பயம். அதன் பிறகு அவர் போட்ட பழைய பன்னிரண்டுகளுக்கு என்ன மதிப்பு? கார்குழலி அதை என்னைவிடச் சீக்கிரம் கண்டுகொண்டாள், ஏனென்றால் அவள் எழுந்து சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்து

(இல்லை. உட்கார்ந்துவிட்டாள்.)

உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்கிறது. கார்குழலியின் விரல் கண்ணாடித் திரைக்கு மேலே நிற்கிறது. அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறாள். அறையில் யாரும் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நான் ஒருவன் நோட்டமிட்டுக்கொண்டு நிற்கிறேன், எனக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள். இத்தனை பேர் பார்க்க எந்த எண்ணை அழுத்தினாலும் அது நமக்காக அழுத்தியதாகிவிடும்.

நான் பேனாவை மூடிவிடுகிறேன். நீங்களும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்.