கூடை கழித்த கணக்கு

கணேசமூர்த்தி வாத்தியாருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. லிந்துலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கத் துரை வருகிறார் என்று கண்டாக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கண்டாக்கு மலையில் வேலை வாங்குகிறவர். நல்ல சேதி கொண்டுவந்து பழக்கமில்லாதவர்.

"மூணாம் வகுப்புப் புள்ளைங்க சும்மா குந்திக்கிட்டு இருக்குதுங்களாம். படிப்பு ஏறலேன்னா பேர் பதிஞ்சு மலைக்கு அனுப்பிடலாம்னு தொரை நெனைக்கிறாரு. பாத்துக்குங்க மாஸ்டர்."

பேர் பதிந்துவிட்டால் பிள்ளை மலையில் கொழுந்து பறிக்கிற தோட்டத்து ஆள். அப்புறம் சிலேட்டாவது, பள்ளிக்கூடமாவது!

அம்மாக்கண்ணு ஒருத்திக்காகத்தான் அவர் பயந்தார் என்று சொன்னால் மற்றப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ளும். ஆனாலும் உண்மை அதுதான். தகப்பன் இல்லாத பெண். கணக்கைக் கேட்டு வாயை மூடுமுன் விடை வந்து விழும். ஹட்டன் டவுனில் விடுதியோடு இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நடையாய் நடந்து பேசியிருந்தார். தை மாதம் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் அவள் பேர் மலைக்குப் போகக் கூடாது. சாமியிடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

"தை வரைக்கும்தானே வாத்தியாரய்யா? பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துர்றேன்" என்று அவளுடைய அம்மா வீரம்மாவும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

சிலேட்டைக் கண்டால் பிள்ளைகள் தூங்கின காலமும் உண்டு, பொய் சொல்வானேன்? விடியுமுன் எழுந்து தண்ணீர் தூக்கி, தம்பி தங்கையைக் குழந்தை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடிவருகிற பிள்ளைக்குத் தூக்கம் வராமல் வேறென்ன வரும்? வாத்தியார் பிரம்பைக் கூரையில் செருகிவிட்டு விளையாட்டைக் கையில் எடுத்தார். தேயிலைக் கொட்டைகளைப் பொறுக்கிவரச் சொல்லிக் குவியல் குவியலாக வைத்துப் பெருக்கல் ஆடவிட்டார். கயிற்றைக் கொடுத்து, தோட்டம் ஆட்களுக்குக் கொடுத்திருந்த லயத்து வீடுகளை அளந்துவர அனுப்பினார். எந்தக் காம்பராவும் எதைவிடவும் ஒரு சாண்கூடப் பெரிதில்லை என்று கண்டுபிடித்துவந்து பிள்ளைகள் அதிசயப்பட்டன. மழை கொட்டினால் ஓட்டையில் ஒழுகுகிற தண்ணீரைத் தகரத்தில் பிடித்து அளந்தார்கள். காய்ச்சலோடும் பிள்ளைகள் வரத் தொடங்கின.

லிந்துலையில் கடை வைத்திருந்த மஃறூப் நானா பழைய தராசு ஒன்றைத் தூக்கிக் கொடுத்த பிறகுதான் மலை விளையாட்டு பிறந்தது. பள்ளிக்கூட ஓரத்துத் தேயிலைச் செடிதான் மலை. தலையில் துண்டைக் கட்டிய சின்னராசா கணக்கப்பிள்ளை. மற்றவர்கள் கொழுந்து எடுப்பார்கள். நிறுப்பது, கூடையின் எடையைக் கழிப்பது, கூட்டுவது எல்லாம் மனக்கணக்கு. இதையே துரைக்குக் காட்டினால் என்ன? துரைக்கு நம் பாட்டுப் புரியாது, தேயிலை புரியும் என்று வாத்தியார் கணக்குப் போட்டார். பாவி மனுஷன், அதை மட்டும் சரியாகத்தான் போட்டார்.

துரை வந்தார். கண்டாக்கு பின்னால் குடையோடு நின்றார். அம்மாக்கண்ணு இடுப்பில் சாக்கைக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு செடியில் கை வைத்தாள். வாத்தியார் கேட்கக் கேட்கக் கை நிற்காமல் வாய் பதில் சொன்னது.

"கூடையோட பதிமூணு றாத்தல். கூடை ரெண்டு. கொழுந்து எவ்வளவு?"

"பதினொண்ணு சார்."

"அதே மாதிரி நாலு பேரு எடுத்தா?"

"நாப்பத்தி நாலு சார்."

அதில் ஒருத்தி கூடையில் பழுத்த இலை மூன்று றாத்தல் என்றால்? நாற்பத்தொன்று. வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பித் துரையின் முகத்தைப் பார்த்தார். துரை அவள் வாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நல்லது" என்றார் துரை, தோட்டத்தில் கற்ற தமிழில். "ரொம்ப நல்ல கை. கண்டாக்கு, நாளைக்கி இவ பெரட்டுக்கு வரணும்."

பெரட்டு என்றால் விடியலில் ஆட்களை மலைக்குப் பிரிக்கிற களம். வாத்தியார் குறுக்கே வந்தார். "தொரை, இது வெளையாட்டுங்க. அவ சொன்ன கணக்கு... கணக்கப் பாருங்க தொரை..."

துரை சிரித்தபடி அவர் தோளில் தட்டினார். "நல்லா வேலை சொல்லிக் குடுத்த, வாத்தியார்."

வாத்தியார் கண்டாக்கின் பின்னால், பங்களாவுக்குத் திரும்புகிற முடுக்குவரை ஓடினார். அழுதார் என்றே சொல்ல வேண்டும். தை வரைக்கும், தை வரைக்கும் மட்டும் என்று கெஞ்சினார். தொரை வாயால் சொன்ன பிறகு நான் யார் என்று கண்டாக்கு கையை விரித்துவிட்டார். அங்கிருந்து வீரம்மாவின் காம்பராவுக்கு ஓடினார்.

"முடியாதுன்னு சொல்லும்மா. நான் உன் கூட வந்து பேசுறேன்."

"சொன்னா காம்பராவ விட்டு எறங்குன்னுவாங்க. எங்கய்யா போவேன்?" அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள் வீரம்மா. பிறகு திரும்பினாள். "நான் பெத்தவ, இதுவரைக்கும் அவ தலையில கூடைய மாட்டுனதில்ல. நீங்கதானேய்யா மாட்டி விட்டீங்க?"

வெளியே வந்தவருக்கு எந்தப் பக்கம் நடக்கிறோம் என்றே தெரியவில்லை.

விடியற்காலை பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு அடித்தபோது கணேசமூர்த்தியும் பெரட்டுக்களத்தில் நின்றார். ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்புகிற அந்த இடத்தில் வாத்தியாருக்கு என்ன வேலை என்று பெண்கள் பார்த்தார்கள். பனியில் கம்பளியைப் போர்த்தி நின்ற வரிசையின் கடைசியில் அம்மாக்கண்ணு இருந்தாள். பெரியவர்களுடைய கூடை அது; கயிறு நீளமாகத் தொங்கிக் குதிகாலில் இடித்தது. அவர் குனிந்து கயிற்றைச் சுருக்கி முடிச்சுப் போட ஆரம்பித்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

அவள் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"சார், நான் எந்தக் கணக்கத் தப்பாச் சொன்னேன்?"

"ஒண்ணும் தப்பில்லம்மா. எல்லாம் சரி."

"கூடையக் கழிச்சிட்டுத்தான் சொன்னேன் சார். அப்பறம் ஏன் சார் என்னைய அனுப்பிட்டீங்க?"

கங்காணி அவள் பேரைக் கூப்பிட்டார். முடிச்சு இன்னும் விழவில்லை, வரிசை நகர்ந்துவிட்டது.