ஈரம் காயாத நீர்யானை

வகுப்பில் எல்லோரும் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் அழைத்தார்கள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை. மயிரிழை பிசகினாலும் கடிக்கும்போது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கைக்கு மண் வேலையெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பில்தான் சனிக்கிழமை மண்பாண்டப் பயிற்சியில் சேர்ந்தார்.

சலவைக் கடைக்கு மேலே ஒரே அறை. ஜன்னலோரம் வரிசையாகச் சக்கரங்கள், மூலையில் மின்சூளை. முதல் மாதம் சக்கரம் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கிண்ணம் என்று ஆரம்பித்ததெல்லாம் தட்டாக முடிந்தது.

பக்கத்துச் சக்கரத்தில் கண்டக்டர் அக்கா. பல வருஷம் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். பக்கவாதம் வந்து, வலது கையில் பாதி பலம்தான் திரும்பியிருந்தது. கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று வந்தவர்.

"எவ்வளவு பெரிய கூட்டத்தை எல்லாம் உள்ள போங்க உள்ள போங்கன்னு அடக்கியிருக்கேன். இந்த ஒரு பிடி மண்ணு நடுவுல நிக்க மாட்டேங்குதே!" என்பார்.

ஒரு சனிக்கிழமை அது நின்றது. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கிண்ணம், விளிம்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கைத் துடைக்கப் போய் முகமெல்லாம் மண்ணாக்கிக்கொண்டார்.

அந்தக் கிண்ணம் நன்றாகக் காய்ந்து, சூளைக்குப் போக வேண்டிய பலகைக்கு வந்திருந்த நேரத்தில்தான் பல்லுக்காரர் சக்கரத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுக் கையாலேயே ஒரு நீர்யானை செய்தார். மனைவியைப் பிரிந்து வாழ்ந்தவர் அவர். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவாள். அடுத்த வார ஞாயிறு அவளுக்குப் பிறந்தநாள்.

டீச்சர் நீர்யானையை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார். "அண்ணா, உள்ளே கட்டியா இருக்கே. வயித்தைக் குடைஞ்சு எடுங்க. அப்புறம் ரெண்டு வாரமாவது காயட்டும். ஈரத்தோட சூளைக்குள்ள போனா வெடிச்சிடும்."

"சரிங்க டீச்சர்."

ஆனால் வயிற்று மடிப்புகளை அவர் அவ்வளவு நுணுக்கமாகக் கீறியிருந்தார். கலைக்க மனம் வரவில்லை. எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில், நீர்யானையைத் தூக்கிக் காய்ந்த பொருட்களின் பலகையில், அக்காவின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

மறு சனிக்கிழமை அவர் போனபோது சூளை திறந்திருந்தது. உள்ளே நீர்யானை இருந்த இடத்தில் வெறும் சில்லுகள். அவை தெறித்து அடித்ததில் கிண்ணம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

டீச்சரின் முகம் வெளுத்திருந்தது. "நீங்க குடைஞ்சிருப்பீங்க அண்ணா. பலகையில இருக்கவும் காஞ்சிருக்கும்னு நெனச்சு உள்ள வச்சுட்டேன். நான்தான் சூட்டை அவசரமா ஏத்திட்டேன் போல. ரெண்டு பேரும் மன்னிச்சிடுங்க."

பேசாமல் இருந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். அக்கா கிண்ணத்தின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டீச்சர்," என்றார் பல்லுக்காரர். "நான் குடையல. காயவும் விடல. நான்தான் எடுத்து அந்தப் பலகையில வச்சேன்."

அக்கா நிமிர்ந்தார். "தெரிஞ்சேவா தம்பி?"

"தெரிஞ்சுதான்."

"உங்க அவசரம் உங்க பொம்மையோட போகட்டும். என் கிண்ணம் என்ன பண்ணுச்சு?"

அவர் வாய் திறப்பதற்குள் அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் மகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பரிசு இல்லையே என்று அவள் வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. "நிஜமாவே வெடிச்சுதாப்பா? சத்தம் கேட்டுச்சா?" என்று குதித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த ஆன்ட்டி அழுதாங்களா?" என்றாள்.

"அழல."

"அப்போ இன்னும் கோவமாத்தான் இருப்பாங்க," என்றாள், எல்லாம் தெரிந்தவள்போல. அவளுடைய அம்மாவும் பிரிவதற்கு முந்தைய நாட்களில் அழுததில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா வரவில்லை. காலியான சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. அதற்கடுத்த வாரம் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். அக்கா நேராக வந்து ஒரு பெரிய மண் கட்டியை அவர் முன்னால் தொப்பென்று போட்டார்.

"மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். சக்கரத்துல உட்கார்றதுக்கு முன்னாடியே, பிசையறதுலயே என் கை ஓஞ்சு போயிடுது. இனிமே எனக்கு நீங்கதான் பிசைஞ்சு குடுக்கணும்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிசைந்தார். "இன்னும் கொஞ்சம். உள்ள காத்து இருக்கு பாருங்க," என்று அக்கா அதிகாரம் செய்தார். உருட்டிக் கொடுத்ததை வாங்கிச் சக்கரத்தில் வைத்தார். மண் எழுந்தது, ஆடியது, சரிந்தது. இரண்டாவதும் சரிந்தது. அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பல்லுக்காரர் தன் சக்கரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு, அடுத்த உருண்டைக்கு மண் எடுத்தார்.