இரண்டாக வெட்டிய குரல்

“உங்க யூனியனுக்கு வேற சோலி இல்லையாண்ணா? லயத்துக் கூரை ஒழுகுது. அதுக்கு ஒரு கூட்டம் போடுங்க.”

ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு ஜின்சன்தான் ஆரம்பித்தான். ஏலப்பாறைக்கும் எஸ்டேட்டுக்கும் ஜீப் ஓட்டுகிற மலையாளி. கருத்தப்பாண்டி கையில் நோட்டீஸ் கட்டு இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஏலப்பாறை ஜங்ஷனில், காஸா மேல் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லிக் கூட்டம்.

“கூரைக்குப் போன மாசமே போட்டாச்சு. நீ அப்ப சவாரிக்குப் போயிருந்த. இந்தா, ஒண்ணைப் பிடி.”

“எனக்கு வேண்டாம். வீட்டுக்குள்ள பூந்து ஆளைச் சுட்டு, மிச்ச ஆளைத் தூக்கிட்டுப் போனா நீங்க நோட்டீஸ் அடிச்சுக்கிட்டு இருப்பீங்களா? திருப்பி அடிக்க மாட்டீங்க?”

“அது தப்புத்தான். அதுக்கு ஊரையே இடிப்பியா? அந்தப் பிள்ளைக உன்னை என்னடா பண்ணுச்சு?”

“எங்க ஜோமோள் சைரன் கேட்டு ஓடுறப்ப நீங்க கூட ஓடுனீங்களா?”

“உன் தங்கச்சிக்கு ஓடி ஒளிய ஒரு ரூமு இருக்கு. அந்தப் பக்கம் அதுவும் இல்லையேடா.”

“ரெண்டு பேரும் அங்கேயே போயி சண்டை போடுங்கய்யா,” என்றாள் கற்பகம், கொழுந்துக் கட்டை இறக்கிக்கொண்டே. “உங்களை ஏத்திவிட நாங்க எல்லாரும் சேந்து வர்றோம்.”

கொழுந்து நிறுக்க நின்ற பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். ராமுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய மகள் சித்ராவும் இஸ்ரேலில்தான் இருக்கிறாள். எண்பத்து நாலு வயதான மிரியம் என்கிற அம்மாளைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, அந்த வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிற வேலை. அவள் போன பிறகுதான் சண்டை மூண்டது.

அந்த நேரம் பார்த்து அவள் கைபேசி அடித்தது. சித்ராவின் குரல் பதிவு.

அந்த எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்கள் எல்லாம் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கிற இந்த மேட்டுக்கு வந்தால்தான் கிடைக்கும். அதனால் யாருக்கு எந்த ஊரிலிருந்து பேச்சு வந்தாலும் இங்கே எல்லார் காதிலும் விழும்படி வைப்பதுதான் வழக்கம். தனியாக ஒதுங்கிக் கேட்டால், “என்னத்தா, புது மாப்பிள்ளை பேசுறாரா?” என்று கேலி வரும்.

“சத்தத்தைக் கூட்டி வைங்க மதினி,” என்றான் கருத்தப்பாண்டி. ராமுத்தாயின் செத்துப்போன வீட்டுக்காரருக்குத் தம்பி அவன். சித்ராவைத் தோளில் தூக்கி வளர்த்தவன்.

அவள் கூட்டி வைத்தாள்.

“அம்மா, சாப்பிட்டியா? நான் நல்லா இருக்கேன். முந்தா நாள் மூணு தடவை சைரன் அடிச்சுது. மிரியம்மாவை வண்டியில உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டு அந்த இரும்புக் கதவு ரூமுக்குள்ள போயிட்டேன். ஒண்ணரை நிமிஷம்தான் நேரம். எதுத்த தெருவுல ஒரு வீட்டு மேல குண்டு விழுந்துருச்சும்மா. அந்த வீட்டுக்காரரு தினம் எனக்குக் கை காட்டுவாரு. இப்ப இல்லை. இவங்களும் பயந்து போய்த்தான் கெடக்காங்க.” கொஞ்சம் இருமினாள். “ஆனா மிரியம்மா டிவி பார்த்து அழுகுது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளைக் காட்டுனா, ‘போதும், நம்மாளுக நிறுத்தணும், இது அக்கிரமம்’னு சொல்லுது. சொந்தப் பேரன் பட்டாளத்துல இருக்கான்மா. மகன் டேனியல் வர்ற சத்தம் கேட்டா டிவியை அணைக்கச் சொல்லிரும். அவருக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே சண்டைதான். சரி, வைக்கிறேன். என் விசா புதுப்பிக்கிற பேப்பர்ல இந்த மாசம் அவரு கையெழுத்துப் போடணும். சாமி கும்பிட்டுக்க.”

“கேட்டீங்களா!” என்றார்கள் ஜின்சனும் கருத்தப்பாண்டியும் ஒரே நேரத்தில்.

“சேச்சி, இது எனக்கு வேணும்,” என்றான் ஜின்சன்.

“எனக்கும் அனுப்புங்க மதினி.”

ராமுத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. எண்ணை அழுத்துவது, பேச்சை ஓடவிடுவது இரண்டும்தான் தெரியும். மற்றதற்கெல்லாம் படித்த ஆள் கையில் கொடுத்துவிடுவாள். அன்றும் கொடுத்தாள். ஆளுக்கு ஒரு தடவை வாங்கி அனுப்பிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். தன் மகள் பேச்சுக்கு இவ்வளவு கிராக்கியா என்று உள்ளுக்குள் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் மூன்று மணி வாக்கில் கற்பகம் அவளைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ராமு, உம் மக பேச்சு எங்க அண்ணன் மகளுக்கு வந்துருக்கு. அவ குமுளியில இருக்கா.”

“குமுளிக்கு யாரு அனுப்புனா?”

“யாருன்னு கண்டா? கேளு.”

கற்பகத்தின் கைபேசியில் சித்ரா பேசினாள். சைரன், இரும்புக் கதவு, எதிர்த்த தெரு வீடு. ‘பயந்து போய்த்தான் கெடக்காங்க’ என்றதோடு நின்றுவிட்டது.

“மிச்சம் எங்க?”

“இதுல இவ்வளவுதான். ‘நம்ம ஏலப்பாறைப் பொண்ணு சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் கொடி பிடிங்க’ன்னு கீழ எழுதிருக்கு. மிச்சம் வேற ஒண்ணுல வந்துருக்கு. அதுல ‘மிரியம்மா அழுகுது’ன்னுதான் தொடங்குது. ‘அக்கிரமம்’, பட்டாளத்துல பேரன், டிவியை அணைக்கிறது, எல்லாம் அதுலதான். ‘அந்த நாட்டுத் தாயே சொல்லிட்டா’ன்னு எழுதிருக்கு.”

தன் வீட்டுச் சேலையை நடுவில் கிழித்து இரண்டு பேர் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது ராமுத்தாய்க்கு. சித்ராவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே போனது. மறுபடி அழைத்தாள். ஐந்து தடவை.

“வேலையா இருப்பா,” என்றாள் கற்பகம்.

“இந்நேரம் அந்தம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துட்டு ஃபோனைக் கையிலதான் வச்சிருப்பா.”

மிச்ச வேலையைப் போட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினாள்.

“ஜின்சா, எம் மக பேச்சை யாருக்குடா அனுப்புன?”

“எங்க குரூப்புல மட்டும்தான் சேச்சி. ஜனங்க நிஜத்தைத் தெரிஞ்சுக்கட்டும்னுதான். பேரு கூடப் போடலை.”

“மிரியம்மான்னு அவளே சொல்றாளேடா, உன் பாதியில. ஏலப்பாறைன்னு நீ எழுதிருக்க. இன்னும் என்ன பேரு வேணும்?”

ஜின்சன் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லுடா.”

“காலையில ஜோமோள் விளிச்சா. என்னை வாய்க்கு வந்தபடி தெறி சொல்லித் திட்டிட்டா. அங்க வேலை பார்க்கிற நம்மாளுக குரூப்புக்கு ரெண்டு பாதியும் வந்துருச்சாம். கருத்தப்பாண்டி அண்ணன்தான் அவரோட பாதியை அனுப்பியிருக்கணும். இவங்களை வேலைக்கு வச்ச ஏஜென்சியில தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் உண்டு, அவரும் கேட்டுட்டாராம்.”

“அப்ப டேனியலுக்கு?”

“அறியத்தில்ல சேச்சி. தெரியலை. நான் என் பாதியை அழிச்சாச்சு.”

“இங்க அழிச்சா அங்க போனது திரும்பி வந்துருமா? அந்த வீட்டைவிட்டு வெளிய போன்னு சொல்லிட்டா, சைரன் அடிக்கையில எங்கடா ஓடுவா? அந்த ரூமு அவுங்க வீட்டு ரூமுடா.”

ராமுத்தாய் ஜீப்பில் ஏறி, “கூட்டத்துக்கு விடு,” என்றாள். அவன் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் இரண்டு பக்கமும் தேயிலை ஒரே பச்சையாய் ஓடியது. அவள் மடியில் இருந்த கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வளைவில் அவனாகவே சொன்னான்:

“ஜோமோள் அங்க போயி ரெண்டு வருஷம். ராத்திரி கதவு தட்டினாக்கூட அம்மா எழுந்து உக்காந்துருவாங்க. அதான் சேச்சி எனக்குக் கோபம் வருது. வேற ஒண்ணும் இல்லை.”

“எனக்கு மட்டும் என்னவாம்?” என்றாள் ராமுத்தாய்.

ஜங்ஷனில் கூட்டம் தொடங்கியிருந்தது. பேக்கரிக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் கை கட்டி நின்று எதிர்க் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“முதல்ல யாரு அடிச்சாங்கன்னு சொல்லுங்க தோழரே!”

“சொல்றேன். முதல்ல அடிச்சவனையும் சொல்றேன், எழுபது வருஷத்தையும் சொல்றேன். நின்னு கேக்கத் தெம்பு இருக்கா?” மேடை என்று போட்டிருந்த பெஞ்சின் மேல் கருத்தப்பாண்டி. ஒரு கையில் மைக், ஒரு கையில் கைபேசி. “நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அங்கேயே இருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளை சொல்லுது, கேளுங்க…”

“முழுசாப் போடு! வெட்டாமப் போடு!” என்று பேக்கரிப் பக்கமிருந்து ஒரு குரல்.

ராமுத்தாய் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“கொழுந்தனாரே, போடாதீங்க.”

“இதோ, பெத்த தாயே வந்துட்டாங்க. மேல வாங்க மதினி, ஒரு வார்த்தை பேசுங்க.”

“மைக்கைக் கீழ வைங்க முதல்ல.”

அவன் குனிந்தான். மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

“என்ன மதினி இது, இத்தனை பேருக்கு முன்னால?”

“சித்ரா ஃபோனை எடுக்கலை. ஏஜென்சிக்குப் போயிருச்சாம். அவ பேப்பர்ல இன்னும் கையெழுத்து விழலை.”

“ஆயிரம் ஆயிரமா சாகுறாங்க மதினி. சின்னச் சின்னப் பிள்ளைக. இதைக் கேட்டு நாலு பேரு மனசு மாறுனா நல்லதுதானே? அதைவிட ஒரு கையெழுத்து பெருசா?”

அந்தப் பிள்ளைகளை அவளும் கற்பகம் வீட்டு டிவியில் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

“பெருசுன்னு நான் சொல்லலை,” என்றாள். “ஆனா அந்தம்மா கதவைச் சாத்திட்டுச் சொன்னது அது. எம் மகளை நம்பிச் சொன்னது. நீங்க மைக்குல போடுறீங்க. அக்கிரமம்னு உங்களுக்குத் தோணுதுல்ல? உங்க வாயால சொல்லுங்க. இந்த எஸ்டேட்டுல உங்களை மாதிரிப் பேச யாரு இருக்கா? எதுக்கு அவ வாயி?”

கருத்தப்பாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டான்.

“என்ன தோழரே, பேச்சு வரலையா? சார்ஜ் தீந்துருச்சா?” என்று பேக்கரி முன்னாலிருந்து கத்தினார்கள்.

“எனக்கு சார்ஜ் நிறைய இருக்கு, நில்லு,” என்று அவன் மறுபடி பேசத் தொடங்கினான். ஆனால் குரல் பழைய மாதிரி ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறு ஆளிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டான்.

அப்போதுதான் சித்ரா அழைத்தாள். ராமுத்தாய் மூடிக்கிடந்த ஒரு தையல் கடை ஓரமாக ஒதுங்கினாள்.

“அம்மா, யாருக்குப் போட்டுக் காட்டுன?”

“எல்லாருக்கும்தான்த்தா. எப்பவும் போல.”

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“திட்டு. திட்டிரு. பேசாம இருக்காத.”

“டேனியல் வந்திருந்தாரு. ஏஜென்சி ஆளு நான் பேசுனதை எல்லாம் இவங்க பாஷையில எழுதிக் கொடுத்துட்டாரு. அந்தத் தாளை நீட்டி, ‘எங்கம்மா இப்படிச் சொன்னாங்களா?’ன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தைச் சொல்ல? ஆமான்னா அந்தம்மாவைக் காட்டிக் கொடுத்த மாதிரி. இல்லைன்னா நான் பொய்க்காரி. முழிச்சுக்கிட்டு நின்னேன். மிரியம்மாதான் சொல்லுச்சு, ‘சொன்னது நான். அவளை விடு’ன்னு.”

“அப்புறம்?”

“ஒரே சத்தம். எனக்குப் பாதி விளங்கலை. அவரு மகன் பட்டாள உடுப்புல இருக்கிற படம் ஒண்ணு செவத்துல இருக்கும்மா. அதைக் காட்டிக் காட்டிப் பேசுனாரு. மிரியம்மாவும் அதே படத்தைக் காட்டித்தான் பேசுச்சு.”

“கையெழுத்து?”

“போட்டுட்டாரு.”

ராமுத்தாய் கடைக் கதவில் சாய்ந்துகொண்டாள்.

“போட்டுட்டு ஒண்ணு சொன்னாரு. இனிமே இந்த வீட்டைப் பத்தி, தெருவைப் பத்தி, சைரனைப் பத்தி ஊருக்கு ஒரு வார்த்தை போகக் கூடாதாம். குரல் பதிவும் கூடாது. தினம் அஞ்சு நிமிஷம் பேசலாம். நல்லா இருக்கேன்னு சொல்லலாம். சரின்னுட்டேன்.”

“அப்ப அங்க என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித்தா தெரியும்?”

“தெரியாதும்மா.”

வைத்துவிட்டாள். திரும்பினால் கருத்தப்பாண்டியும் ஜின்சனும் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள்.

“என்ன சொல்லுது பிள்ளை?”

“சேச்சி, வேலை போயில்லல்லோ? போகலையே?”

“நல்லா இருக்காளாம்,” என்றாள் ராமுத்தாய். அதற்கு மேல் அவர்கள் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அங்கே மறுபடி குண்டு விழுந்ததாக டிவியில் சொன்னார்கள். அந்த ஊர்ப் பேர் கற்பகத்துக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மத்தியானம் மேட்டுக்கு வந்ததும் ராமுத்தாய் அழைத்தாள். இரண்டாம் தடவையில் எடுத்தாள் சித்ரா.

“சாப்பிட்டியாத்தா?”

“சாப்பிட்டேன். நல்லா இருக்கேன்.”

“தூங்குனியா?”

“ம்.”

“கட்டில்ல தூங்குனியா, அந்த ரூமுக்குள்ள தூங்குனியா?”

அந்தப் பக்கம் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. யாரோ என்னவோ சொன்னார்கள். புரியாத பாஷை.

“இன்னைக்குக் கொழுந்து எவ்வளவும்மா எடுத்த?” என்றாள் சித்ரா.

“இருபத்தாறு கிலோ,” என்றாள் ராமுத்தாய்.